விழுவதற்கு முன்னாலேயே ஏன் சிரிக்கிறோம்? பழைய காமெடிக் குறும்படங்கள் பற்றி

ஒத்தக்கடைக்காரன் எழுதியது:

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். கறிவிருந்து முடிந்து, கிளம்புகிறவர்கள் கிளம்பியதுபோக ஒரு நாற்பது பேர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அன்று ராத்திரி புழுக்கம் தாங்கவில்லை, எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். மச்சானிடம் ஒரு சின்ன புரொஜெக்டர் இருக்கிறது. சீர்த்தட்டில் வந்த எட்டு முழ வேட்டியைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவில் இழுத்துக் கட்டினோம். என்ன படம் போடுவது என்பதில் பெரியவர்களுக்கும் பொடிசுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் நான் போனில் வைத்திருந்த பஸ்டர் கீட்டன் படத்தைப் போட்டேன். அந்தக் காலத்து அமெரிக்கக் காமெடி நடிகர் அவர். 'ஒன் வீக்', 1920இல் வந்தது. வசனமே கிடையாது.

கதை இவ்வளவுதான். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிக்கு ஒரு வீடு பரிசாக வருகிறது. கட்டிய வீடு இல்லை, பெட்டி பெட்டியாக அடைத்து வரும் வீடு. பெட்டியில் போட்டிருக்கும் எண்படி எடுத்து மாட்டினால் வீடு தயார். அந்தப் பெண்ணைக் கட்ட முடியாமல் போன ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிட்டுப் போகிறான். வீடு கோணல்மாணலாக எழும்புகிறது.

நான் அன்றைக்குப் படத்தைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீட்டன் ஒரு உத்தரத்தின் நுனியில் உட்கார்ந்து, தான் உட்கார்ந்திருக்கும் கட்டையையே ரம்பத்தால் அறுக்கிறார். அவர் கீழே விழுந்தபோது வந்த சிரிப்பு கொஞ்சம்தான். அறுக்க ஆரம்பித்ததுமே வந்த சிரிப்புதான் பெரிசு. ஐந்து வயதுப் பையன் எழுந்து நின்று, "அண்ணே, அதுலதான் உக்காந்திருக்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான். கடைசியில் வீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது அது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ள, ரயில் வருகிறது. எங்கள் அப்பத்தா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விட்டது. அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்கிவிட்டது. அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் எடுத்த படம். ஒத்தக்கடை மாடியில் ஐந்து வயசும் எழுபத்தெட்டு வயசும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், அதுவும் ஆள் விழுவதற்கு முன்னாலேயே. இது எப்படி நடக்கிறது? இந்தப் படங்கள் பிடிக்கும் என்கிறவர்கள் எழுதுங்கள்.

படச்சுருள் எழுதியது:

நல்ல இழை அண்ணே. நீங்கள் பிடித்திருக்கும் விஷயம் சினிமாவின் முதல் காமெடியிலேயே இருக்கிறது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்தது, ஒரு நிமிடம்கூட ஓடாது. தோட்டக்காரர் குழாயில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. தோட்டக்காரர் குழாய் முனையை முகத்துக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்க்கிறார். பையனின் கால் நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் சூத்திரம். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டால் அந்த நொடியிலிருந்து சிரிப்பு ஊற ஆரம்பித்துவிடும்.

இதற்குக் கேமரா எங்கே நிற்கிறது என்பது ரொம்ப முக்கியம். பழைய ஆட்கள் தள்ளி நின்று எடுப்பார்கள். தலை முதல் கால் வரை தெரியும், காலுக்குக் கீழே இருக்கும் தரையும் தெரியும். இப்போது வரும் காமெடிகளில் முகத்தை ஒரு தடவை, வாழைப்பழத் தோலை ஒரு தடவை, விழுந்த ஆளை ஒரு தடவை என்று வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். விழுந்தது நிஜமா என்றே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 1928இல் கீட்டன் நடித்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' நீளப் படம்தான் என்றாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது. ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஓட்டை அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து விழுகிறது, அவர் அசையாமல் நிற்கிறார். சுவரின் எடை ஏறக்குறைய இரண்டு டன். நடுவில் ஒரு இடத்தில் வெட்டியிருந்தாலும் அந்தக் காட்சிக்கு மதிப்பே இல்லை.

இன்னொன்று, வேகம். டிவியில் பார்த்தவர்கள் எல்லாரும் "அந்தக் காலத்து ஆளுங்க விறுவிறுன்னு நடப்பாங்க" என்பார்கள். கையால் சுழற்றும் கேமராவில் நொடிக்குப் பதினாறு, பதினெட்டு படம் என்று எடுத்ததை, பின்னால் இருபத்துநாலு வேகத்தில் ஓட்டியதால் வந்த கோளாறு அது. துரத்தல் காட்சியில் அவர்களே வேண்டுமென்று மெதுவாகச் சுழற்றி வேகத்தைக் கூட்டியதும் உண்டு. அதனால் சரியான வேகத்தில் மீட்டெடுத்த பிரதியாகத் தேடிப் பாருங்கள். கீட்டன் நின்று யோசிக்கும் அந்த ஒரு கணம் அதில்தான் முழுசாகக் கிடைக்கும்.

கீழவெளிவீதி லோடு எழுதியது:

நான் எழுத்தாளர் எல்லாம் இல்லை. இருபது வருடமாக லோடுமேன் வேலை. பீரோ, கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் மாடிக்கு ஏற்றுவோம். எங்களுக்கு என்றே எடுத்த மாதிரி ஒரு படம் இருக்கிறது. லாரல் ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. இது பேசும் படம்தான், ஆனால் பேச்சு புரியவில்லை என்றாலும் ஒன்றும் குறையாது. பியானோவை ஒரு பெட்டிக்குள் வைத்து, நீளப் படிக்கட்டில் இரண்டு பேர் ஏற்ற வேண்டும். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னமும் இருக்கிறது. 133 படி. நம்ம திருக்குறள் அதிகாரக் கணக்கு.

படியில் சாமான் ஏற்றும்போது பாரம் சமமாக இருக்காது. கீழே நிற்கிறவன் மேல்தான் முக்கால்வாசி இறங்கும். மேலே பிடிக்கிறவன் பின்னோக்கி ஏறுவான், அவனுக்குப் படி தெரியாது. கீழே இருக்கிறவனுக்குச் சாமானைத் தவிர எதுவுமே தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்லை ஒருத்தர் நம்பித்தான் ஏற வேண்டும். "இருக்கு, இருக்கு, வா, வா, ஒரு படி" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அந்தச் சொல் நின்றால் சாமான் போயிற்று. அந்தப் படத்தில் அவ்வளவும் இருக்கிறது. பாதிப் படி ஏறியதும் குழந்தை வண்டியோடு ஒரு அம்மா வழி கேட்பார், இவர்கள் ஒதுங்குவார்கள், பியானோ தடதடவென்று தெருவுக்குப் போய்விடும். உள்ளே கம்பிகள் எல்லாம் டங் டங் என்று முனகும். பெட்டி விழும் சத்தத்தைவிட அந்த முனகல்தான் என்னை உலுக்கியது. பீரோ உருண்டால் உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்கும் பாருங்கள், வயிற்றைப் பிசையும்.

எப்படியோ உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தபால்காரர் வந்து, சுற்றி ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்பார். உடனே ரெண்டு பேரும் என்ன செய்வார்கள் தெரியுமா? பியானோவை மறுபடி 133 படியும் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோட்டு வழியாகக் கொண்டுவருவார்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. குறுகல் படி. மூன்று கதவுப் பீரோவைக் கயிறு கட்டி ஒன்றரை மணி நேரம் ஏற்றினோம். தம்பி ஒருத்தனுக்கு முழங்கை தோல் உரிந்துவிட்டது. மேலே வைத்த பிறகுதான் வீட்டுக்காரர் சொல்கிறார், பின்னால் சந்தில் அகலப் படி இருக்கிறது என்று. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அதை நினைத்துச் சிரிக்க முடிந்தது. எங்கள் வேலையைத் தெரிந்த யாரோ உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள். ஆஸ்கரில் காமெடிக் குறும்படத்துக்கு முதல்முதலாகப் பரிசு கொடுத்தது இதற்குத்தான் என்று பையன் தேடிச் சொன்னான். கொடுக்க வேண்டியதுதான்.

இரவுப்பணி எழுதியது:

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள், நான் மாற்றிச் சொல்வதற்கு மன்னியுங்கள். எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். குளியலறையில் வழுக்கியவர்கள், சாரத்தில் இருந்து விழுந்த கொத்தனார்கள், பைக்கில் இருந்து விழுந்த பிள்ளைகள் என்று தினமும் பார்க்கிறேன். ஆள் விழுவதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. அந்த நடிகர்களுக்கே அடி பட்டிருக்கிறது. ஹரால்ட் லாய்டு என்ற காமெடி நடிகருக்கு 1919இல் போட்டோவுக்காகக் கையில் பிடித்திருந்த போலி வெடிகுண்டு நிஜமாகவே வெடித்து, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கீட்டனுக்கு ஒரு படப்பிடிப்பில் கழுத்தெலும்பு முறிந்து, அது தெரியாமலே நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. படித்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. அடுத்தவர் வலியில் நமக்கு என்ன சந்தோஷம்?

பபூன் மகன் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். என் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது திருவிழாவுக்கு ராத்திரி போடும் மேடை நாடகத்தில், பபூன், சிரிக்க வைக்கும் கோமாளி. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வீட்டில் இருக்க மாட்டார். இன்றைக்கு மேலூர், நாளைக்குத் திருமங்கலம், மறுநாள் சிவகங்கைப் பக்கம் என்று திருவிழா மேடை மேடையாகப் போவார். வள்ளி திருமணம் என்று நோட்டீஸில் போட்டிருக்கும், ஆனால் பத்து மணிக்குத் திரை விலகியதும் முதலில் வருவது பபூன்தான். பாடுவார், பேசுவார். அப்புறம் டான்ஸ்காரப் பெண் வருவார். இவர் இந்தப் பக்கமிருந்து, அவர் அந்தப் பக்கமிருந்து, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஆடிக்கொண்டே வந்து மேடை நடுவில் மோதிக்கொள்வார்கள். மோதப் போகிறார்கள் என்று கூட்டத்துக்கு நல்லாத் தெரியும். வருடா வருடம் பார்ப்பதுதானே. சிரிப்பு மோதலுக்கு நாலு எட்டு முன்னாலேயே கிளம்பிவிடும். ஒத்தக்கடை அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த மேடைதான் கண்ணில் வந்தது.

அப்பா விழுவதை வீட்டில் பழகுவார். சாணி மெழுகிய திண்ணையில், கோணிச்சாக்கு விரித்து. கையை ஊன்றாதே, தோளில் உருண்டு போ, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்காதே என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். விழுந்த சத்தம் கொடுப்பது அவர் வேலை இல்லை. பக்கத்தில் ஆல்ரவுண்டு என்ற தாள வாத்தியம் வாசிக்கிறவர் சரியான நேரத்தில் ஒரு அடி கொடுப்பார், கூட்டம் அதிர்ந்துபோகும். "விழுறது நானு, விழுந்த சத்தம் அவரு" என்பார் அப்பா. இந்த மாதிரி விழுந்து அடிபடும் காமெடிக்கு இங்கிலீஷில் சொல்லும் ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். இத்தாலி நாட்டு நாடகக்காரர்கள் இரண்டு மரப் பலகையைச் சேர்த்துக் கட்டிய ஒரு மட்டை வைத்திருப்பார்கள். அதால் அடித்தால் சத்தம் பெரிசாக வரும், அடி வலிக்காது. கூட்டத்துக்கு வேண்டியது சத்தம்தான். ஆள் எழுந்து நிற்க வேண்டும், எழுந்து தூசியைத் தட்ட வேண்டும். எழாவிட்டால் மேடை அமைதியாகிவிடும் அக்கா. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அப்பா நிஜமாகவே இடுப்பில் அடிபட்டுக் கிடந்தபோது ஒரு குஞ்சு சிரிக்கவில்லை.

கீட்டனும் என்னைப் போலத்தான். மூன்று வயசு, நாலு வயசிலேயே அப்பா அம்மாவோடு மேடை ஏறியவர். பிள்ளையைத் தூக்கி எறிவதற்காகச் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி தைத்திருப்பார்களாம். சாப்ளினும் லாரலும் இங்கிலாந்தில் ஃப்ரெட் கார்னோ நாடகக் கம்பெனியில் ஒன்றாக நடித்து, 1910இல் ஒரே கூட்டமாக அமெரிக்கா போனவர்கள். மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்திய காலத்துக்குக் கொஞ்சம் முந்தி. கேமரா முன்னால் வருவதற்குள் ஆயிரம் தடவை விழுந்து எழுந்த உடம்புகள் அவை. நமக்கு அது வலியாகத் தெரியாமல் இருப்பதற்குப் பின்னால் அவ்வளவு பழக்கம் இருக்கிறது.

டவுன்ஹால் ரோடு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் தமிழ்க் காமெடி என்றால் பேச்சுதான். கவுண்டமணி வாயைத் திறந்தால்தான் சிரிப்பு. விழுந்து புரள்வதெல்லாம் குழந்தைகளுக்கு. நம்ம ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே ஆளைக் கவிழ்ப்பார்கள், அதுதான் நம்ம ரசனை. இந்தப் படங்களை மதிக்கிறேன், நம்முடையது என்று நினைக்க முடியவில்லை.

ஒத்தக்கடைக்காரன் எழுதியது:

டவுன்ஹால் ரோடு சார், ஒரு வேலை செய்து பாருங்கள். வடிவேலு காட்சி ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். நம்ம மதுரைக்காரர்தானே. 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழும் இடம். சுத்தியல் கை நழுவுவது நமக்குத் தெரிகிறது, கீழே நிற்கும் ஆளுக்குத் தெரியவில்லை. லூமியேர் படத்துத் தோட்டக்காரர்தான் அது. விழுந்த பிறகு அந்த முகம், கண் செருகி, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து போவது, இதற்கெல்லாம் ஒரு சொல் தேவைப்படவில்லை. 2019 மே மாதம் அந்தச் சுத்தியலை வைத்து நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஊர் உலகமெல்லாம் எழுதியது. தமிழ் தெரியாதவர்களும் யார் இந்த நேசமணி என்று விசாரித்தார்கள். வசனக் காமெடிக்கு அந்தத் தூரம் போக முடிந்திருக்குமா?

பேச்சு உயர்ந்தது இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கவுண்டமணி உயிர். ஆனால் சந்திரபாபு நடனத்தில், நாகேஷ் ஒடிந்து விழுகிற மாதிரி நடக்கும் நடையில் இருப்பதும் நம்முடையதுதான். பபூன் மகன் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள் சார், அந்த மேடை நம்ம ஊர் மேடை.

டவுன்ஹால் ரோடு எழுதியது:

சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படம் ஒரு வார்த்தை புரியாமல் பார்த்துவிட்டு வந்து தெருவில் கதை சொல்வோமே, அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

விளக்குத்தூண் வாட்ச்கடை எழுதியது:

சாப்ளின் 1916இல் நடித்த 'தி பான்ஷாப்' யாரும் சொல்லவில்லையே. அடகுக்கடைக்கு ஒருவர் அலாரக் கடிகாரம் கொண்டுவருவார். சாப்ளின் அதற்கு டாக்டர் மாதிரி ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், டப்பா திறக்கும் கருவியால் வெட்டித் திறப்பார், மோந்து பார்ப்பார், உள்ளே இருப்பதை எல்லாம் இடுக்கியால் பிடுங்கிப் போடுவார். கடைசியில் அத்தனை துண்டையும் அந்த ஆளின் தொப்பியில் வாரிப் போட்டு, வேண்டாம் என்று தலையாட்டித் திருப்பிக் கொடுப்பார். கை அசைவில் ஒரு தடுமாற்றம் கிடையாது. நாற்பது வருடம் கடிகாரம் பிரித்தவன் சொல்கிறேன், அந்தப் பொறுமை வேலை தெரிந்தவன் பொறுமை.

படச்சுருள் எழுதியது:

எல்லாப் பழைய படமும் நல்ல படம் என்று நினைத்துவிட வேண்டாம். மேக் சென்னெட் கீஸ்டோன் என்ற காமெடிப் படக் கம்பெனியை 1912இல் தொடங்கினார். அங்கே வந்ததில் பாதி வெறும் ஓட்டமும் உதையும்தான், எனக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். முகத்தில் கேக் வீசும் காட்சிகளும் அப்படித்தான். ஆனால் அதே கம்பெனியில்தான் சாப்ளின் 1914இல் முப்பதுக்கும் மேற்பட்ட படம் நடித்துப் பழகினார். இரண்டு வருடம் கழித்து மியூச்சுவல் கம்பெனிக்கு எடுத்த பன்னிரண்டு படங்கள்தான் என் கணக்கில் உச்சம்.

குழந்தைகளுக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று. அந்தக் காலப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் காட்சிகள் உண்டு. நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

பபூன் மகன் தம்பி எழுதியதை ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா போன வருடம் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். மாடிக்குப் போவதே இல்லை. படி என்று சொன்னாலே முகம் சுருங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. சாப்ளினின் 'ஒன் ஏ.எம்.' என்ற படத்தை நான் தனியாகப் பார்க்கலாம் என்று போட்டேன். குடித்துவிட்டு நடுராத்திரி வீட்டுக்கு வரும் ஒருவர் மாடி ஏறிப் படுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கிட்டத்தட்ட முழுப் படமும் அவர் ஒருவர் மட்டும்தான். ஏறுவார், சறுக்குவார், மறுபடி ஏறுவார், மேலே ஆடும் பெண்டுலம் அடித்துக் கீழே தள்ளும். அப்பா எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை சாப்ளின் படியில் கால் வைத்ததும் அப்பா "போகாதடா, போகாத, மேல அது நிக்குது" என்று சிரிக்க ஆரம்பித்தார். வாக்கர் கம்பி கடகடவென்று ஆடியது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். முடிந்ததும் "இன்னொரு தடவை அந்தப் படியைப் போடு" என்றார்.

நான் முன்னால் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கீட்டன் கழுத்தை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். ஆனால் அப்பா சிரித்தது அந்த மனிதரின் வலியைப் பார்த்து இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒத்தக்கடை அண்ணே, அடுத்த தடவை மாடியில் படம் போட்டால் சொல்லுங்கள். அப்பாவை மேலே ஏற்ற முடியாது, கீழே வாசலில் போட முடியுமா?

ஒத்தக்கடைக்காரன் எழுதியது:

வாசலிலேயே போடுவோம் அக்கா. எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையடித்த சுவர்தான், வேட்டிகூட வேண்டாம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஏழரை மணிக்கு. அப்பாவுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி எடுத்து வைக்கிறேன். முதலில் 'ஒன் ஏ.எம்.', அப்புறம் 'தி மியூசிக் பாக்ஸ்'. லோடு அண்ணனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரணும்.

கீழவெளிவீதி லோடு எழுதியது:

கட்டாயம் வருகிறோம், எங்கள் செட்டு ஆட்கள் ஆறு பேரும் வருவார்கள். எல்லாருக்கும் போனில் காட்டிவிட்டேன், பெரிசாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முழங்கை உரிந்தது என்று எழுதினேனே, அந்தத் தம்பி படம் பார்த்ததிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் போய் நிற்கிறான். "ஐயா, சுத்தி வர வேற வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் மேல் கை வைக்கிறான். நேற்று அண்ணா நகரில் ஒரு வீட்டில் இருந்தது.